கச்சத்தீவில் கோட்டைவிட்ட காசிமேட்டுக்காரி: தீவுத் தகராறுகளை மெயின்ஸுக்குப் படித்த கதை

"இது பதிலா, மேடைப் பேச்சா?"

சிவப்பு மையில் இந்த ஒரு வரிதான் எழுதியிருந்தார்கள். பதினைந்துக்கு மூன்று மதிப்பெண். சிவில் சர்வீஸ் மெயின்ஸுக்கு (முதன்மைத் தேர்வுக்கு) எழுதிப் பழகும் மாதிரித் தேர்வு, அதாவது டெஸ்ட் சீரிஸ் தாளை வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டை மெட்ரோ படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கச்சத்தீவைப் பற்றியது. மொத்தம் இருபது கேள்விகளில் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்து, கை வலிக்க எழுதிய கேள்வி அது. படிக்காமல் ஒப்பேற்றிய வேறொரு கேள்விக்கு ஆறு வந்திருந்தது.

நான் காசிமேட்டுக்காரி. நைனா விசைப்படகில் டிரைவர். அத்தை வாழ்க்கைப்பட்டது நாகப்பட்டினத்தில். அவர் மகன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, ஆள் திரும்பி வந்தான், படகு வரவில்லை. அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் கச்சத்தீவு என்ற சொல்லைப் பார்த்ததும் பேனா தானாக ஓடியது. எங்கள் முன்னோர் வலை காயப்போட்ட மண், தாரை வார்த்தார்கள், துரோகம் என்று மூன்று பக்கம். மதிப்பிட்டவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் கேட்டது சட்டமும் பாதுகாப்பும். நான் கொடுத்தது ஒப்பாரி.

மூன்று முறை மெயின்ஸ் எழுதி, ஒருமுறை நேர்காணல் வரை போனேன். இறுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. இப்போது வேறு தேர்வு மூலம் அரசு வேலையில் இருக்கிறேன். "முதலிடம் பிடித்தது எப்படி" என்ற ரகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் தீவுகள், கடல் எல்லை, இறையாண்மை, தேசப் பாதுகாப்பு என்ற இந்த ஒரு மூலையை மட்டும் நான் அடிபட்டுக் கற்றேன். பொது அறிவு இரண்டாம் தாளிலும் மூன்றாம் தாளிலும், சில சமயம் கட்டுரைத் தாளிலும், நேர்காணலிலும் இது தலைகாட்டும். குரூப் 1 எழுதுபவர்களுக்கும் உதவும்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். ஒரு நோட்டில் தீவுகளின் பட்டியல் போட்டேன். சென்காகு: ஜப்பான், சீனா. ஸ்ப்ராட்லி: சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் மற்றும் பலர். ஃபாக்லாந்து: பிரிட்டன், அர்ஜென்டினா. மயோட்: பிரான்ஸ், கொமரோஸ். பிரிலிம்ஸில் பொருத்துக கேள்விக்கு அது போதும். மெயின்ஸில் அந்தப் பட்டியலை வைத்து ஒரு பத்திகூட எழுத முடியாது. "விமர்சன ரீதியாக ஆராய்க" என்று கேட்டால் எதை ஆராய்வது?

மாற்றம் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில். நைனா வீட்டில்தான் இருப்பார். எங்கள் வீடு ஒண்டுக்குடித்தனம். நான் சத்தம்போட்டுப் படித்தால் அவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. ஒருநாள் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 121ஆம் பிரிவைப் படித்துக்கொண்டிருந்தேன். ஓதம் ஏறும்போதும் தண்ணீருக்கு மேலே நிற்கிற, இயற்கையாக உருவான நிலம்தான் தீவு. அதற்கு 12 கடல் மைல் ஆட்சிக்கடலும் 200 கடல் மைல் பிரத்யேகப் பொருளாதார மண்டலமும் (மீனும் கனிமமும் எடுக்க அந்த நாட்டுக்கு மட்டும் உரிமையுள்ள கடல்) உண்டு. ஆனால் மனிதர் வாழவோ, சொந்தமாகப் பொருளாதார வாழ்வு நடத்தவோ முடியாத வெறும் பாறைக்கு அந்த 200 மைல் கிடையாது.

நைனா பீடியைக் கீழே வைத்தார். "குடிக்கத் தண்ணி இல்லாத எடத்த எவன்மா தீவுன்னுவான்? அது பாறை. ஒதுங்கலாம், குந்திகினு கெடக்க முடியாது. இத எழுதறதுக்கு ஐநா எதுக்கு?"

பிலிப்பைன்ஸ் சீனா மீது தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12 அன்று வந்த தென்சீனக் கடல் தீர்ப்பாயத்தின் முடிவில் பல பக்கங்கள் இந்த ஒரு விஷயத்துக்கே போயிருக்கின்றன. ஸ்ப்ராட்லி கூட்டத்திலேயே பெரியதான இட்டு அபாவில் கிணறு உண்டு, ஆட்கள் உண்டு, ஓடுதளம்கூட உண்டு. ஆனாலும் வெளியிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய ஆட்களை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது, இயற்கையாக அங்கே ஒரு சமூகம் நிலைத்து வாழ்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, அதையும் சட்டப்படி பாறை என்று முடித்தார்கள். சீனா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

ஏன் இந்தச் சண்டை என்று புரிய, ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 200 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 4.31 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1.30 லட்சம். பக்கத்தில் வேறு நாடு குறுக்கே வராவிட்டால், நடுக்கடலில் ஒரு சின்னத் தீவு மூன்று தமிழ்நாட்டுக்கு மேல் கடலைக் கொண்டுவந்து மடியில் போடும். மீன், எண்ணெய், கடலடிக் கனிமம் எல்லாம் அதற்குள். பதிலின் முதல் பத்தியில் இந்தக் கணக்கை ஒரு வரியாக எழுதிய பிறகு, "தீவுகள் முக்கியத்துவம் வாய்ந்தவை" என்ற சப்பை வாக்கியத்தை நான் எழுதவே இல்லை.

அடுத்தது, தீவு யாருடையது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்ற விஷயம். கோச்சிங் வகுப்பில் இதைத் தொடவே மாட்டார்கள். பதிலுக்கு எடை கொடுப்பது இதுதான். இரண்டு வழக்கு போதும். ஒன்று 1928இல் பால்மாஸ் தீவு வழக்கு. அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் நடந்தது, தீர்ப்பு சொன்னவர் மாக்ஸ் ஹூபர். முதலில் கண்டுபிடித்தவன் என்பது மட்டும் போதாது, தொடர்ந்து, அமைதியாக, வெளிப்படையாக ஆட்சி செலுத்தியிருக்க வேண்டும் என்றார். நெதர்லாந்து ஜெயித்தது.

இரண்டாவது வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. என் மூன்று பக்க ஒப்பாரியைக் குப்பையில் போட வைத்ததும் அதுதான். 2002இல் லிகிதான், சிபதான் என்ற இரண்டு குட்டித் தீவுகளுக்காக இந்தோனேசியாவும் மலேசியாவும் சர்வதேச நீதிமன்றத்தில் நின்றன. 1891இல் போட்ட பழைய ஒப்பந்தக் கோடு தீவுகள் வரை நீளவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு யார் அங்கே ஆட்சி செலுத்தினார்கள் என்று பார்த்தார்கள். மலேசியா கொண்டுவந்த சான்றுகள் என்ன தெரியுமா? ஆமை முட்டை எடுப்பதை ஒழுங்குபடுத்த 1917இல் போட்ட சட்டம், 1933இல் சிபதானைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது, 1960களில் கட்டிய கலங்கரை விளக்கங்கள். ஆமை முட்டைக்கு லைசென்ஸ் கொடுத்தவன் தீவை வாங்கிப் போனான்.

இந்தோனேசியா தன் மீனவர்கள் காலங்காலமாக அந்தக் கடலில் மீன் பிடித்ததைச் சொன்னது. தனி மனிதர்கள் தங்கள் பிழைப்புக்குச் செய்வதை அரசின் ஆட்சிச் செயலாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் தாத்தா வலை காயப்போட்டார் என்பது இறையாண்மைக்குச் சான்றே இல்லையா? இல்லை. அப்படியானால் அதற்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஆனால் வேறு இடத்தில். அதே 2016 தீர்ப்பாயத்தில் ஸ்கார்பரோ திட்டுப் பகுதியைப் படியுங்கள். திட்டு யாருடையது என்று தீர்ப்பாயம் சொல்லவே இல்லை, அந்த அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் அதைச் சுற்றிய ஆட்சிக்கடலில் பரம்பரையாக மீன் பிடித்தவர்களின் உரிமை, இறையாண்மை யாரிடம் இருந்தாலும் அழியாது, பிலிப்பைன்ஸ் மீனவர்களைச் சீனா தடுத்தது தவறு என்றது.

தீவு யாருடையது என்பது ஒரு கேள்வி. அங்கே யார் பிழைக்கலாம் என்பது இன்னொரு கேள்வி. அங்கே யாருடைய ராணுவம் நிற்கிறது என்பது மூன்றாவது. நான் மூன்றையும் ஒரே குழம்பாகக் கொதிக்கவைத்திருந்தேன். அதன் பிறகு எந்தத் தீவை எடுத்தாலும் நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: பட்டா, பிழைப்பு, பாதுகாப்பு. பெயர்கள் என் சொந்தச் சரக்கு. பரீட்சைத் தாளில் இறையாண்மை உரிமை, மக்கள் உரிமை, பாதுகாப்பு நலன் என்று எழுதுங்கள்.

இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிகிற இடம் இந்தியப் பெருங்கடலில் மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள சாகோஸ். ஒரே ஒரு தீவுக்கூட்டத்தை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1965இல், மொரீஷியஸுக்கு விடுதலை கொடுப்பதற்கு மூன்று வருடம் முன்பே, பிரிட்டன் சாகோஸைப் பிரித்து எடுத்து பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி என்று பெயர் வைத்தது. மொரீஷியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. 1966இல் தீவுகளை ராணுவத்துக்குப் பயன்படுத்த அமெரிக்காவோடு 50 வருட ஏற்பாடு. பிறகு அது 2036 வரை நீண்டது. அந்தக் கூட்டத்தின் பெரிய தீவான டீகோ கார்சியாவில் ராணுவத் தளம் வர வேண்டும் என்பதற்காக, 1973க்குள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த சாகோஸ் மக்களை மொத்தமாக மொரீஷியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் ஏற்றி இறக்கினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விடாமல் கொன்றார்கள். தோட்டக் கூலிகள்தானே, நிரந்தரக் குடிகள் இல்லை என்று காகிதத்தில் காட்டியதுதான் இதில் கேவலம். காலனி மக்கள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

பட்டா பத்தியில் எழுத வேண்டியவை: விடுதலைக்கு முன் காலனியின் நிலத்தைத் துண்டாடக் கூடாது என்ற 1960ஆம் ஆண்டின் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் 1514. 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் கொடுத்த ஆலோசனைக் கருத்து, 13க்கு 1: காலனிய நீக்கம் சட்டப்படி முழுமையாகவில்லை, பிரிட்டன் தன் நிர்வாகத்தைக் கூடிய விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு மே மாதம் பொதுச்சபையில் 116க்கு 6 என்ற வாக்கு. இந்தியா மொரீஷியஸ் பக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது, நானும் விழுந்திருக்கிறேன். அது தீர்ப்பு அல்ல, ஆலோசனைக் கருத்து. கட்டுப்படுத்தாது. ஆனால் 2021இல் மொரீஷியஸ், மாலத்தீவு கடல் எல்லை வழக்கில் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் தனி அமர்வு அந்தக் கருத்துக்குச் சட்ட விளைவு உண்டு என்று எடுத்துக்கொண்டு மேலே போனது. "கட்டுப்படுத்தாத கருத்து எப்படிக் கனம் பெறுகிறது" என்று இதை வைத்து இரண்டு வரி எழுதினால் உங்கள் தாள் தனியாகத் தெரியும்.

பாதுகாப்பு பத்தி: 2025 மே 22 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பாருங்கள். இறையாண்மை மொரீஷியஸுக்கு. டீகோ கார்சியா மட்டும் 99 வருடக் குத்தகையில் பிரிட்டன் கையில், சராசரியாக ஆண்டுக்கு 10.1 கோடி பவுண்டு. தீவைச் சுற்றி 24 கடல் மைலுக்குள் பிரிட்டன் ஒப்புதல் இல்லாமல் எதுவும் கட்ட முடியாது. மற்ற தீவுகளில் அந்நிய நாட்டுப் படைகளுக்கு இடம் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் பத்திரம் மாதிரி: பட்டா ஒருவர் பேரில், சாவி இன்னொருவர் இடுப்பில். கையெழுத்துக்கும் நடைமுறைக்கும் நடுவே நிறைய அரசியல் உண்டு. நீங்கள் தேர்வு எழுதும் மாதத்தில் நிலவரம் என்ன என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு போங்கள்.

பிழைப்பு பத்திதான் எல்லோரும் விட்டுவிடுவது. இரண்டு அரசுகள் பேசி முடித்தன. சாகோஸ் மக்களைக் கேட்டார்களா? கையெழுத்து நாளன்று காலையில் சாகோஸில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கி, சில மணி நேரத்தில் அது விலக்கப்பட்டது. மற்ற தீவுகளில் மறுகுடியேற்றத்துக்கு வழி இருக்கிறது, டீகோ கார்சியாவில் இல்லை. அந்த மக்களிலேயே மொரீஷியஸை வரவேற்பவர்களும் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. "மக்கள் மகிழ்ந்தனர்" என்று எழுதிவிடாதீர்கள்.

நம் ஆட்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் மீன்பிடிப் படகில் புறப்பட்ட இலங்கைத் தமிழர்கள் நடுக்கடலில் தத்தளித்து டீகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டார்கள். கூடாரங்களில் மூன்று வருடம் கிடந்து, 2024 இறுதியில்தான் பெரும்பாலானவர்கள் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ராணுவத் தீவில் அகதி வந்து நின்றால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்? நான்காம் தாள் அறநெறிக் கேள்விக்குக்கூட இதை எடுத்துக்காட்டாக எழுதலாம்.

இந்த இடத்தில் எங்கள் ஆயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாராவது பொல்லாத சாமர்த்தியசாலியாக இருந்தால் "அது ஒரு எம்டன்" என்பார். என்னையும் அப்படித்தான் திட்டுவார். எம்டன் என்பது ஜெர்மன் போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது என்பது பள்ளியிலேயே தெரியும். ராயபுரம், மண்ணடிப் பக்கம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிய கதையை ஆயா தன் மாமியாரிடம் கேட்டதாகச் சொல்வார். எனக்குத் தெரியாமல் இருந்தது அதன் பிறகு நடந்தது. அக்டோபரில் அந்தக் கப்பல் போய் நின்ற இடம் டீகோ கார்சியா! உலகப் போர் தொடங்கிய சேதியே அந்தத் தீவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பிரிட்டிஷ் தீவு, ஆனால் ஜெர்மன் கப்பலுக்கு நல்ல வரவேற்பு. அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நிலக்கரி ஏற்றி, தோட்ட மேலாளரின் மோட்டார் படகையும் ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவில் தந்திக் கம்பி நிலையத்தை அழிக்கப் போனபோதுதான் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து அதன் கதையை முடித்தது.

தூரத்துத் தீவு ஏன் பாதுகாப்புப் பிரச்சினை என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு நிலக்கரியும் தந்திக் கம்பியும். இன்றைக்கு ஓடுதளமும் எரிபொருளும் கடலடிக் கேபிளும். கட்டுரைத் தாளில் நான் எம்டனில்தான் தொடங்கினேன். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எம்டனைக் காப்பியடிக்க வேண்டாம், ஒரே வருடம் ஐம்பது தாளில் எம்டன் வந்தால் திருத்துபவருக்கு வேப்பிலை அடிக்க வேண்டியிருக்கும்.

கச்சத்தீவுக்குத் திரும்புகிறேன். இரண்டாவது முறை அதே கேள்வியை வீட்டில் எழுதியபோது, தொடக்கம் முழுக்க மாறியது.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாக் நீரிணையில் கோடு போட்டது. 285 ஏக்கர் தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. தமிழ்நாட்டின் வாதம்: தீவு ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தம், எனவே இது நிலத்தை விட்டுக்கொடுத்தல். 1960இல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும், அது நடக்கவில்லை. மத்திய அரசின் நிலை: எந்த நிலமும் கொடுக்கப்படவில்லை, எல்லை வரையறுக்கப்படாமல் தகராறில் இருந்த இடத்தில் கோடு போடப்பட்டது. இந்த நிலைக்குத் துணை வருவது 1969இன் மகன்பாய் ஈஸ்வர்பாய் படேல் வழக்கு. கட்ச் ராண் பகுதி பற்றியது. எல்லைத் தகராறைத் தீர்ப்பதற்குத் திருத்தம் தேவையில்லை என்றது. ஆக, கச்சத்தீவுக் கேள்வியின் கழுத்து இங்கேதான்: நடந்தது விட்டுக்கொடுத்தலா, எல்லைத் தீர்வா? இந்த இரண்டு வழக்கையும் எதிரெதிரே வைத்தால் அரசியல் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் பதில் தானாக நிற்கும்.

பிழைப்பு பத்தி: ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போல விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு இன்றும் போகிறார்கள். ஆனால் 1976இல் பரிமாறிய கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிப்பதை நிறுத்தின. அதே 1976இல் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள, மீன் வளமிக்க வாட்ஜ் திட்டு நம் பக்கம் உறுதியானதையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் அதைச் சொன்னால் முறைப்பார்கள், ஆனால் தாளில் இருக்க வேண்டும். ஸ்கார்பரோ முடிவை இங்கே கொண்டுவந்து, தீவு திரும்பாவிட்டாலும் பாரம்பரிய மீன்பிடி உரிமையைத் தனியாகப் பேசலாம் என்று ஒரு வழியைச் சொல்லுங்கள்.

அதோடு நிறுத்தவும் கூடாது. அந்தக் கரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். நம் இழுவைமடிப் படகு தங்கள் வலையையும் கடலடியையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகிறது என்பது அவர்கள் குமுறல். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. விசைப்படகு டிரைவர் மகளான நான் இதை எழுத ஒரு வருடம் ஆனது. எழுதிய தாளுக்குப் பதினைந்துக்கு எட்டு. நைனாவிடம் படித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொய் இல்ல. ஆனா டீசல் வெலையையும் எழுது" என்றார்.

ஃபாக்லாந்தைச் சுருக்கமாகப் படித்தால் போதும். 1982இல் 74 நாள் போர், 649 அர்ஜென்டினர்களும் 255 பிரிட்டிஷாரும் உயிரிழந்தார்கள். 2013 வாக்கெடுப்பில் 99.8 சதவீதம் பேர் பிரிட்டனோடு இருக்க விரும்பினார்கள். சாகோஸோடு ஒப்பிடத்தான் இது வேண்டும். இங்கே குடிமக்களின் சுயநிர்ணயத்தைத் தூக்கிப் பிடிக்கும் அதே பிரிட்டன், சாகோஸில் குடிமக்களையே அகற்றியது. இந்த ஒப்பீடு இரண்டு வரியில் முடிந்துவிடும், மதிப்பெண் வரும். சென்காகு, டோக்டோ, குரில் எல்லாம் ஒரு மேப்பில் குறித்துவைத்தால் சரி.

நிறைய பேர் அடுத்தவன் தீவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நம் தீவுகளை மறந்துவிடுகிறார்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அது மன்னிக்க முடியாத குற்றம். அந்தமான் கப்பல் புறப்படுவது நம் துறைமுகத்திலிருந்து. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் போர்ட் பிளேரில் சொந்தம் உண்டு. அந்த ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், தாளில் அதையே எழுதுங்கள். இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் அந்தமான் நிக்கோபாரால் கிடைக்கிறது. முப்படைகளும் ஒரே தலைமையில் இயங்கும் முதல் கட்டளையகம் 2001இல் அங்கேதான் அமைந்தது. கடற்படைத் தளங்கள் என்றால் நிக்கோபாரின் கேம்பல் பேயில் ஐஎன்எஸ் பாஸ், லட்சத்தீவின் மினிக்காயில் 2024 மார்ச்சில் ஐஎன்எஸ் ஜடாயு. மொரீஷியஸின் அகலேகா தீவில் இந்தியா கட்டிக் கொடுத்த ஓடுதளமும் படகுத் துறையும் 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டன. பட்டாவுக்கு ஆசைப்படாமல் நட்பால் இடம் பெறுவது என்று அகலேகாவையும் சாகோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் துறைமுகமும் விமான நிலையமும் கட்டும் கிரேட் நிக்கோபார் திட்டம் என்று எழுதும்போது அங்கே வாழும் ஷொம்பென், நிக்கோபாரி பழங்குடி மக்களை விட்டுவிட்டால் சாகோஸில் பிரிட்டன் செய்ததை எந்த வாயால் கேட்பது?

தீவு மறைந்தே போகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. வங்காள விரிகுடாவில் 1970 புயலுக்குப் பிறகு தலைகாட்டிய நியூ மூர் தீவுக்கு இந்தியாவும் வங்கதேசமும் பல வருடம் முட்டிக்கொண்டன. 2010 வாக்கில் அது தண்ணீருக்குள் போய்விட்டது. 2014 ஜூலையில் நடுவர் தீர்ப்பாயம் கடல் எல்லையைப் பிரித்தபோது தகராறான 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. தென்சீனக் கடலில் சீனா ஏற்காததோடு இதை ஒப்பிடலாம். எல்லோரும் எழுதுகிற ஒப்பீடுதான், ஆனாலும் விடாதீர்கள்.

தமிழில் மெயின்ஸ் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மணி நேரத்தில் இருபது கேள்வி, அதாவது ஒன்றுக்கு ஒன்பது நிமிடம். "பிரத்யேகப் பொருளாதார மண்டலம்" என்று ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, "இனி பொ.மண்டலம்" என்று சுருக்கிக்கொள்ளுங்கள். 250 சொல் என்று கேட்டால் தமிழில் 180 சொல்லிலேயே விஷயம் அடங்கிவிடும், நம் சொல் ஒவ்வொன்றும் ஒரு வேகன் நீளம். மிச்ச நேரத்தில் ஒரு சின்ன மேப் போடுங்கள். நான் போட்டது தீப்பெட்டி அளவு: இந்திய முனை, இலங்கை, மாலத்தீவு, அதற்கும் தெற்கே டீகோ கார்சியா, இடது பக்கம் மொரீஷியஸ். கன்னியாகுமரியிலிருந்து டீகோ கார்சியா சுமார் 1,800 கிலோமீட்டர் என்று அம்புக்குறி. பேனாவை எடுக்காமல் நாற்பது விநாடியில் வரும் வரை பழகினேன். நைனா பார்த்துவிட்டு இலங்கை கத்திரிக்காய் மாதிரி இருக்கிறது என்றார். இருக்கட்டும்.

நேர்காணலில் எதிர்பார்த்ததே வந்தது. விண்ணப்பத்தில் காசிமேடு என்று பார்த்துவிட்டு, "உங்கள் அப்பா மீனவர். கச்சத்தீவை மீட்க வேண்டும் என்பீர்களா?" என்று கேட்டார்கள். வீட்டுக் கோபம் தொண்டை வரை வந்தது. "ஐயா, தீவை மீட்பது ஒரு கேள்வி. என் அத்தை மகனின் படகு திரும்புவது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு முதலாவது வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்" என்றேன். அடுத்து இழுவைமடியைப் பற்றிக் கேட்டார்கள். டீசல் விலையையும் சொன்னேன்.

இந்த வாரம் எழுதிப் பார்க்க ஒரு கேள்வி தருகிறேன், 15 மதிப்பெண்: "இறையாண்மையை ஒப்படைத்துவிட்டு ராணுவப் பயன்பாட்டைத் தக்கவைத்துக்கொள்வது காலனிய நீக்கம் ஆகுமா? சாகோஸை முன்வைத்து, இந்தியாவின் நலன்களோடு ஆராய்க." ஒன்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் வீட்டில் பரீட்சை எழுதாத ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே குறுக்கே பேசுகிறாரோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.